ஏழாம் மாதத்தில் பதிவான சாமி பாட்டு

எங்கள் இசைக்குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அதைச் சொன்னால் என் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அது எங்களுக்கு அவ்வளவு பெரிய பெயராகத் தெரிந்தது. அதைத் தேர்ந்தெடுக்கப் போட்ட சண்டையில் பாதி நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக வாசித்திருப்போம்.

நாங்கள் நான்கு பேர். அண்ணன் பாடுவான், கிட்டார் வாசிப்பான். நான் ஆர்கன். பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு ஆர்கன் வாசிப்பவள். ராக் இசையில் எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. அண்ணனுக்கு ஆர்கன் வாசிக்க ஆள் தேவைப்பட்டது, வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தது, அவ்வளவுதான். டிரம்ஸ் அடித்தவன் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நான்காம் மாடிக்காரன். முருக பக்தன், தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பால்குடம் எடுப்பவன். பேஸ் கிட்டார்க்காரர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். எங்களைவிட மூத்தவர், எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். தாளத்தையும் அப்படித்தான் வாசித்தார்.

கல்யாண விருந்துகளில்தான் எங்களுக்கு வாய்ப்பு. அங்கே எல்லாரும் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். அண்ணன் தன் சொந்தப் பாட்டு ஒன்றை நடுவில் நைசாக நுழைப்பான். பிரியாணிக்குக் காத்திருக்கும் கூட்டம் அதைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் மன்னிக்காது. ஒருமுறை மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கே ஏறி வந்து, தெரிந்த பாட்டாகப் பாடும்படி கெஞ்சிவிட்டுப் போனார். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

சொந்தப் பாட்டுகளை வைத்தே ஓர் ஆல்பம், ஒரு முழு கேசட், போட வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நேஷனல் சர்வீஸ் என்ற கட்டாய ராணுவச் சேவையை முடித்து வந்து, ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்து, அதையும் விட்டிருந்தான். முடி தோளைத் தொட்டது. அப்போதெல்லாம் முடி நீளமாக வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகக் கவுன்டர்களில் அட்டை மாட்டியிருப்பார்கள். இவனை ஸ்டாம்பு வாங்க அனுப்பினால் அதற்குள் தான் நடந்தே போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பார் அம்மா.

அப்பா துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. இருபத்தைந்து வருடம் பேனா பிடித்த கை. கத்த மாட்டார், அடிக்க மாட்டார், ஆனால் எதற்கும் ஒரு விதி வைத்திருப்பார். நாங்கள் அறைக்குள் பயிற்சி செய்தால் ஹாலில் ரேடியோச் செய்தியைச் சத்தமாக வைப்பார். அதுதான் அவருடைய இசை விமர்சனம். கேசட் பேச்சு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். துறைமுகத்திலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், ஜனவரியில் சேர வேண்டும் என்றும், சேர்வதற்கு முன் கிட்டாரை விற்றுவிட வேண்டும் என்றும் சொன்னார். வேலையும் பார்த்துக்கொண்டு பாட்டும் பாடலாமே என்று நான் குறுக்கே புகுந்தேன். அரைகுறையாக எதையும் செய்யக் கூடாது என்று என் வாயை அடைத்தார். அண்ணன் கெஞ்சிய கெஞ்சலில் கடைசியாக ஒரு விதி பிறந்தது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் தர்றேன். நம்ம சர்ச் ஆளுங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், தானா என்கிட்ட வந்து உங்க மகன் பாடின கேசட் வேணும்னு கேட்கட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா நீ போய் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. இவளும் சொல்லக் கூடாது."

ஒரே ஒருத்தர்தானே என்று அண்ணன் துள்ளிக் குதித்தான். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சர்ச் ஆட்களை அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை வருடம் வாசித்தும் நன்றாக இருந்தது என்று ஒரு ஆள் என்னிடம் சொன்னதில்லை. ஒரு கட்டை தப்பாக விழுந்த அன்றைக்கு மட்டும் வரிசை கட்டி வந்து சொல்வார்கள்.

கேசட்டைப் பிரதி எடுத்து விற்க ஒப்புக்கொண்டவர், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கேசட் கடை வைத்திருந்தவர். அண்ணன் வீட்டில் பதிவு செய்துகொண்டு போன நான்கு பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, எல்லாம் சரி, சாமி பாட்டு எங்கே என்று கேட்டார். இது ராக் ஆல்பம் என்றான் அண்ணன். இருக்கட்டும், முதல் பாட்டு சாமி பாட்டாக இருக்க வேண்டும் என்றார் அவர். காலையில் கடை திறந்ததும் முதலில் சாமி பாட்டுத்தான் போடுவார், வீடுகளிலும் அப்படித்தான், சாமி பாட்டில் தொடங்காத கேசட்டை எந்தத் தமிழனும் காலையில் போட மாட்டான், காலையில் போடாத கேசட்டை அப்புறம் எப்போதுமே போட மாட்டான். இதுதான் அவருடைய வியாபாரக் கணக்கு. அண்ணன் முறைத்துக்கொண்டே நின்றான்.

"எந்தச் சாமின்னு நான் கேட்க மாட்டேன் தம்பி," என்றார் கடைக்காரர். "ஏதோ ஒரு சாமி இருக்கணும்."

அங்கேதான் பிரச்சினை. குழுவில் இரண்டு பேர் கத்தோலிக்கர், இரண்டு பேர் இந்துக்கள். அதுவரை நாங்கள் எதற்கெல்லாமோ சண்டை போட்டிருக்கிறோம், சாமிக்காகப் போட்டதில்லை. டிரம்ஸ்காரன் முருகன் என்றான். அண்ணன் மாதா என்றான். ஆசிரியர் பார்க்கலாம் என்றார். இரண்டு வாரம் பயிற்சியே நடக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினேன். "விளக்கு வருமுன்னே வெளிச்சமாய் வந்தாய், வாசல் திறக்குமுன் வீட்டுக்குள் நின்றாய்" என்று தொடங்கும். எந்தச் சாமியின் பெயரும் அதில் வராது. டிரம்ஸ்காரன் படித்துவிட்டு, கார்த்திகை விளக்கைத்தானே சொல்கிறாய் என்று உருகினான். அண்ணனுக்கு ஈஸ்டர் மெழுகுவர்த்தி ஞாபகம் வந்தது. ஆளுக்கொரு சாமியை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அதை எழுதிய அன்று எங்கள் புளோக்கில் கரண்ட் போயிருந்தது.

அடுத்து, பதிவுக்கு நாள் பார்க்க வேண்டும். ஜூலையிலேயே தொடங்கலாம் என்றான் அண்ணன். டிரம்ஸ்காரன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கினால் விளங்காது என்று அவன் அம்மா சொல்லிவிட்டாராம். சரி, ஆடி போகட்டும் என்று காத்திருந்தோம். ஆடி போன மறுநாளே ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த சீனரைப் போய்ப் பார்த்தோம். வழக்கமாக அவரிடம் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவரோ மாதம் முழுக்கக் காலிதான், எந்த ஞாயிறு வேண்டுமானாலும் வாருங்கள் என்று மலாயில் சொன்னார். ஆடி முடியும்வரை காத்திருந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று டிரம்ஸ்காரன் எங்களைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை.

பிறந்ததிலிருந்து சீனர்களின் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். புளோக்கின் அடியில் இறந்தவர்களுக்காக அவர்கள் தாள் கொளுத்துவதை வருடா வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறோம். ஆனாலும் அவர்களுடைய ஏழாம் மாதம் அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்று ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. பசித்த ஆவிகள் வெளியே வந்து உலவும் மாதம் அது. சீனர்கள் வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள், புதிய காரியம் எதையும் தொட மாட்டார்கள். எங்கள் ஆடியைவிட அவர்கள் ஆடி கண்டிப்பானது. எங்கள் ஆடியிலிருந்து தப்பித்து நேராக அவர்கள் ஆடிக்குள் போய் விழுந்திருந்தோம்.

முதல் ஞாயிறு பிரச்சினை இல்லாமல் போனது. காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கி, சர்ச் ஆர்கனை டிரம்ஸ்காரனுடைய மாமாவின் காய்கறி லாரியில் ஏற்றிப் போனோம். அவர் தேக்கா மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். அதற்கப்புறம் அந்த ஆர்கன் மேல் ரொம்ப நாளுக்குக் கொத்தமல்லி வாசம் வந்தது. ஸ்டூடியோவில் பாட்டைத் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டும் வசதியெல்லாம் இல்லை. நான்கு பேரும் ஒன்றாக வாசிக்க வேண்டும், ஒருத்தர் சொதப்பினால் எல்லாரும் முதலிலிருந்து. பெரும்பாலும் யார் சொதப்பினார் என்று நான் சொல்ல மாட்டேன், பார்க்கலாம். அறையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆசிரியர் அதில் உட்காரப் போனார். சீனர் ஓடி வந்து தடுத்தார். அது விருந்தாளிக்கு என்றார். எந்த விருந்தாளி, எப்போது வருவார் என்று ஆசிரியர் கேட்டார். ஏற்கெனவே வந்தாயிற்று என்றார் சீனர். பேஸ் கிட்டார் அன்று முழுக்க நின்றுகொண்டே வாசிக்கப்பட்டது, முன்னெப்போதும் இல்லாத வேகத்தில்.

இரண்டாவது ஞாயிறு, மிச்சம் இருந்தது சாமி பாட்டு ஒன்றுதான். சண்டைக்குரிய பாட்டு என்பதால் கடைசிக்கு வைத்திருந்தோம். மற்றதெல்லாம் காது கிழியும் பாட்டுகள், இது மட்டும் மெல்லியது. அண்ணன் வாயைத் திறந்தான். ஜன்னலுக்கு நேர் கீழே தெருவில் டங்கென்று ஒரு காங், சீனர்களின் வெண்கலச் சேகண்டி, ஒலித்தது. எட்டிப் பார்த்தால் முழுத் தெருவையும் அடைத்து ஒரு வாயாங் மேடை, சீனத் தெருக்கூத்து. முகத்தில் சாயம் பூசிய ராஜாவும் ராணியும் பாடிக்கொண்டிருந்தார்கள், முன்வரிசை நாற்காலிகள் அத்தனையும் ஆவிகளுக்காகக் காலியாக இருந்தன. சீனரிடம் எப்போது முடியும் என்று கேட்டோம். மாதக் கடைசியில் என்றார்.

மாதக் கடைசிவரை காத்திருக்க முடியாது. அடுத்த ஞாயிறு சர்ச்சில் திருவிழா, அதற்குப் பிறகு ஆர்கனைத் தர மாட்டேன் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் கேசட் வர வேண்டுமானால் நாடா அந்த வாரமே கடைக்காரர் கைக்குப் போக வேண்டும். ஜன்னலைச் சாத்தினோம், மெத்தையை வைத்து அடைத்தோம், காங் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். ஜனவரி, துறைமுகம், கிட்டார் எல்லாம் அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. எதற்கும் அசராத டிரம்ஸ்காரனுக்குத்தான் கோபம் தலைக்கேறியது. எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டான். அவர்கள் தாளத்துக்கே நாமும் வாசிப்போம், வேறு வழியில்லை என்றான். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுக் குச்சியை எடுத்தான். நாங்கள் பின்னால் போனோம். எந்தப் புண்ணியமோ தெரியாது, அந்த ஒரு தடவை ஒவ்வொரு வரி முடியும் இடத்திலும் காங் வந்து விழுந்தது. எங்கள் ஆல்பத்தில் கடைசிவரை தாளம் தப்பாத வாத்தியம் அது ஒன்றுதான். சீனர் கட்டை விரலை உயர்த்தி "பாகுஸ்" என்றார். நல்லது என்று அவர் சொன்னது எங்களையா கீழே இருந்தவர்களையா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தீபாவளிக்கு முன்னால் கேசட் வந்தது. அட்டையைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடற்கரைப் பாறையில் கிட்டாரோடு அவன் நின்ற படம் இல்லை. ஒரு குத்துவிளக்குப் படம் இருந்தது. எங்கள் நான்கு பேர் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. கடைக்காரர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. பெயர் போட்டால் இங்கே உள்ள பசங்கள் என்று தெரிந்துவிடும், அப்புறம் யார் வாங்குவார்கள் என்றார். காலையில் முதல் பாட்டைப் போட்டாராம், கோயில் மணி சத்தத்தோடு பாட்டு, மெட்ராஸிலிருந்து வந்த சரக்கா என்று நான்கு பேர் உள்ளே வந்தார்களாம். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடையையே இரண்டாக்கியிருப்பேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

கேசட் நன்றாகவே போனது. அதுதான் வேதனை. சிராங்கூன் ரோட்டில் பூக்கடையில் கேட்டது, சாப்பாட்டுக் கடையில் கேட்டது. கார்த்திகைக்கு ஒரு கோயிலில் ஒலிபெருக்கியில் போட்டதாக டிரம்ஸ்காரன் வந்து சொன்னான். முதல் பாட்டு முடிந்ததும் அவசரமாக நிறுத்தியிருக்கிறார்கள், ஏனென்றால் இரண்டாவது பாட்டு அண்ணனின் நீண்ட ஒரு கத்தலில் தொடங்கும். நிற்காமல் போகும் பஸ்ஸைத் திட்டும் பாட்டு அது. ஒரு நாள் நிறுத்த மறந்துபோய், நெய் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர் கையைச் சுட்டுக்கொண்டாராம்.

சர்ச்சிலும் அது நுழைந்தது. எங்கள் பாடகர் குழுத் தலைவர் அப்போதுதான் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். வாய்க்கு வாய் மெட்ராஸ். ஒரு நாள் பயிற்சிக்கு அந்தக் கேசட்டோடு வந்து, மெட்ராஸிலிருந்து வந்த புதுப் பாட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு நற்கருணை நேரத்தில் பாடப் போகிறோம் என்று அறிவித்தார். போட்டும் காட்டினார். நான் ஆர்கன் முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அப்பாவின் விதி உடைந்துவிடும், அண்ணன் தோற்றுவிடுவான்.

"இந்த ஆர்கனைக் கவனி," என்றார் என்னிடம். "இந்த அளவுக்கு உனக்கு வராது. இருந்தாலும் முயற்சி பண்ணு."

அவர் சொன்ன ஆர்கன் மேல்தான் அந்த நிமிடம் என் கை இருந்தது. கொத்தமல்லி வாசம்கூட முழுசாகப் போயிருக்கவில்லை. முயற்சி செய்கிறேன் சார் என்றேன்.

அந்த ஞாயிறு வந்தது. கேசட் எங்கெங்கோ பாடியும் ஒருத்தர்கூட அப்பாவிடம் வந்து அவர் மகனின் கேசட்டைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், அது அவர் மகனுடையது என்று யாருக்குத் தெரியும்? வேலைக்குப் போட அண்ணன் ஏற்கெனவே இரண்டு வெள்ளைச் சட்டை தைத்து வாங்கிவிட்டான். பூசையில் பாடகர் குழு அவன் பாடிய பாட்டைப் பாடியது, நான் வாசித்தேன், கடைசி பெஞ்சில் அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்தத் தலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா முன்வரிசையில் அசையாமல் இருந்தார்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே முற்றத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பாடகர் குழுத் தலைவர் கையில் கறிபாப் பலகாரத்தோடு அப்பாவிடம் வந்தார். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றார் அப்பா.

"அதான் மெட்ராஸ்," என்றார் அவர். "உங்க பையனும் என்னமோ பாடுறானாமே. இந்தக் கேசட்டைக் கேட்கச் சொல்லுங்க. குரல்னா எப்படி இருக்கணும்னு புரியும்."

அப்பா காபிக் கோப்பையைச் சுவர் மேல் வைத்தார். காது மடல் சிவந்திருந்தது. கோபம் வந்தால் அவருக்கு அங்கேதான் தெரியும்.

"அதைப் பாடினதே என் மகன்தான்," என்றார்.

தலைவர் சிரித்தார். மெட்ராஸ் குரலுக்கும் இந்த ஊர்க் குரலுக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாதா என்றார். அப்பா அண்ணனைக் கைதட்டிக் கூப்பிட்டு, பாடச் சொன்னார். அண்ணன் மிரண்டுபோய் விளக்குப் பாட்டைத் தொடங்கினான். தலைவர் கையை ஆட்டினார். இது ஊருக்கே தெரிந்த பாட்டு, இன்றைக்கு நாங்களே பாடினோமே என்றார்.

"அதை விடு," என்றார் அப்பா. "ரெண்டாவது பாட்டைப் பாடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்குத் தெரிந்து அப்பா அந்தக் கேசட்டைத் தொட்டதே இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான், அந்தக் கத்தலை, முழு நீளத்துக்கு. பங்குத்தந்தை சட்டையை மாற்றியும் மாற்றாமலும் ஜன்னலில் தலையை நீட்டினார். தலைவர் முகம் மாறிவிட்டது. அந்தக் கத்தல் வந்ததும் தினமும் கேசட்டை நிறுத்துகிறவர் அவர், அடையாளம் தெரியாமல் இருக்குமா? அண்ணன் விடாமல் பாடினான். "கையை நீட்டி நின்னேனே, காணாத மாதிரிப் போனியே." முதல் சரணம் தாண்டினான். இரண்டாவது சரணத்தில் சிக்கிக்கொண்டான். தானே எழுதிய பாட்டு, தானே மெட்டுப் போட்ட பாட்டு, சொல் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். என்னைப் பார்த்தான். எனக்கும் அந்த வரி நினைவுக்கு வரவில்லை.

"அடுத்த பஸ்ஸு வரும்னு சொன்னாங்க," என்று அப்பா பாடினார். "அதுவும் உன்னை மாதிரித்தான்."

அப்பாவுக்குச் சுருதி கிடையாது. தாளமும் கிடையாது. வெள்ளைச் சட்டை போட்டு டை கட்டிய துறைமுகக் கிராணி, சர்ச் முற்றத்தில், ஒரு பஸ்ஸைத் திட்டும் பாட்டை ஒரு சொல் விடாமல் கடைசிவரை பாடி முடித்தார். அந்த மாதம் அவருக்கு மத்தியான ஷிஃப்ட். காலையில் நாங்கள் கிளம்பிப் போன பிறகு வீட்டில் அவரும் அம்மாவும் அந்தக் கேசட்டும் மட்டும்தான். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கறிபாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன், அத்தனை பேருக்கு முன்னால், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

அப்பா மூச்சு வாங்க, தலைவரை விட்டு இம்மியும் நகராமல் நின்றார். அவர் தானாகப் பேசும்வரை விடுவதாக இல்லை. தலைவர் தொண்டையைச் செருமினார். தன்னிடம் இருக்கும் கேசட் பாடிப் பாடித் தேய்ந்துபோனது என்றார். அப்பா அதற்கும் நகரவில்லை.

"உங்க மகன் கேசட்," என்றார் தலைவர் மெதுவாக, "வீட்டுல ஒன்னு இருந்தா குடுக்குறீங்களா?"

அப்பா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கேட்டுட்டாரு," என்றார். "ஓடிப்போய் ஒன்னு எடுத்துட்டு வா."